நாற்பத்தொரு பெட்டிக்கு எத்தனை சாவி

முதலில் வதந்தியைச் சொல்லிவிடுவோம். கேரவன்கள் நிறுத்தும் திடலில் வேலை பார்க்கும் பெண்மணியிடம் ஒரு கள்ளச்சாவி இருக்கிறது, அதை வைத்து எந்த வண்டியின் பக்கப்பெட்டியையும் திறந்துவிடுவாள் என்பதுதான் அது. திடலுக்கு எதிரே உள்ள பஞ்சர் கடையில் கிளம்பியபோது வதந்தி இந்த அளவில்தான் இருந்தது. முடிதிருத்தும் கடைக்குப் போனதும் ஒரு சாவி மூன்றானது. பெட்ரோல் பங்கைத் தொட்டபோது சாவியே தேவைப்படவில்லை. அவள் கை வைத்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளுமாம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாய்மார்கள் அவளுக்கு மூன்று மாடி வீடே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் அவளுக்கு இருப்பது திடலின் கேட்டை ஒட்டிய இரண்டு அறை. அதில் ஒன்றில் கூரை ஒழுகும்.

வதந்தியைச் சரிபார்க்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இந்த விஷயத்தில் அப்படி இல்லை. வதந்தி உண்மை. ஆனால் அது பரப்பியவர்கள் நினைத்த உண்மை இல்லை.

கேரவன் என்பது சக்கரத்தின் மேல் வைத்த வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. வருடத்தில் மூன்று வாரம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும். மீதி நாற்பத்தொன்பது வாரம் இந்தத் திடலில் தூங்கும். அப்படி நாற்பத்தொரு வண்டிகள் அங்கே தூங்கின. வண்டிக்கு இரண்டு விதப் பூட்டு. வாசல் கதவுக்கு ஒன்று. அதன் சாவியை உரிமையாளர் கண்ணில் வைத்துக் காப்பாற்றுவார். இன்னொன்று வண்டியின் வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில் இருக்கும் சாமான் பெட்டிக்கு. மடக்கு நாற்காலி, தண்ணீர்க் குழாய், பலா அளவு ஜெனரேட்டர் என்று வீட்டுக்குள் இடமில்லாததெல்லாம் அந்தப் பக்கப்பெட்டிக்குள் போகும். அதற்கு இரண்டு சாவி. ஒன்று உரிமையாளரிடம், மற்றது திடல் ஆபீஸில், ஒரு மரப்பலகையில், ஆணியில்.

பலகைக்குப் பொறுப்பு அவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; எல்லோருக்கும் அவள் நிதானம். பட்டப்பெயர் வைத்தவர் அவள் கணவர். லாரி ஓட்டிய காலத்தில் நாலாயிரம் மைல் போய்த் திரும்பும் நேரத்தில் இவள் ஒரு பீரோவைத் துடைத்து முடித்திருப்பாள் என்பார். இப்போது முதுகுத்தண்டு விலகி, லாரியை இறக்கி வைத்துவிட்டு, கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிற வண்டிகளுக்கெல்லாம் ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரால் படி ஏற முடியாது. படியில்லாத அந்த இரண்டு அறையும் அவள் வேலையோடு வந்தவை. வேலை போனால் அறையும் போகும்.

முன்னே ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. அங்கே அவளைத் தாமதத்துக்காக நிறுத்தினார்கள். இங்கே அதே தாமதத்துக்காக வைத்துக்கொண்டார்கள். நிற்கிற வண்டிக்கு அவசரம் கிடையாது அல்லவா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசை வரிசையாகப் பக்கப்பெட்டிகளைத் திறந்து காற்றாட விடுவாள். பூஞ்சை பிடித்திருக்கிறதா, எலி குடித்தனம் வைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். கதவு ஓரத்து ரப்பரை முகப்பவுடர் தொட்டுத் துடைப்பாள். பூட்டுக்கு எண்ணெய் விடமாட்டாள். எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு விருந்து வைக்கும். பென்சிலைச் சீவி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நுழைத்து இரண்டு திருப்பு திருப்புவாள். பூட்டியபின் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். நான்காவது முறையும் இழுத்துவிட்டுத்தான் நகர்வாள்.

அந்தத் திடலில் ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜரின் ஜெனரேட்டர் காணாமல் போனது.

மேனேஜர் என்றால் வங்கி மேனேஜர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது, பதவி மட்டும் ஓய்வு பெறவில்லை. முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழையில், பயணத்திலிருந்து திரும்பி வண்டியை விட்டுவிட்டுப் போனவர், எட்டு நாள் கழித்து வந்து பக்கப்பெட்டியைத் திறந்தார். தண்ணீர்க் குழாய் இருந்தது. ஜெனரேட்டர் இல்லை. பூட்டு உடையவில்லை, கீறல் கூட இல்லை. அவர் மனதில் ஆடிட் அங்கேயே முடிந்துவிட்டது. உடைக்காமல் திறந்திருக்கிறார்கள் என்றால் சாவி. தன்னிடம் உள்ள சாவி தன்னிடமே இருக்கிறது. ஆக மற்ற சாவி. மற்ற சாவி பலகையில். பலகை யாரிடம்?

அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. கணவர் காதிலும் விழும்படி, மிக மரியாதையாக, "ஏம்மா, கஷ்டம்னா கேட்டிருக்கலாமே, நானே கொடுத்திருப்பேனே" என்றார். நிதானத்துக்குக் காது மடல் எரிந்தது. அவள் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பஞ்சர் கடைக்காரர் அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தார். வதந்தியின் பிறந்த இடமும் நேரமும் அதுதான்.

திடல் முதலாளி வயதில் சின்னவர். அப்பாவிடமிருந்து திடலையும் நிதானத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அக்கா என்றே ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை உரிமையாளர்கள் எல்லாரும் வருகிறார்கள், அதற்குள் பொருள் கிடைக்கவேண்டும், கிடைக்காவிட்டால் பலகையை ஒப்படைத்துவிடச் சொன்னார். அதுவரை பலகையைத் தொடவும் கூடாது. "நான் உங்களைச் சந்தேகப்படலைக்கா," என்றார் கடைசியில். சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற அதே வாக்கியம், அதே ராகம்.

அவளை அலைக்கழித்தது இது மட்டுமில்லை. அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னாலும் வேலை போகும்போல இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு, பெரிய முதலாளி இருந்த காலத்தில், ஒரு மதியம் சுவர் ஆணி பெயர்ந்து சாவிப் பலகை தரையில் விழுந்தது. நாற்பத்தொரு சாவியும் மேசைக்கடியில், பீரோவுக்கடியில், மூலைக்கு மூலை சிதறின. வண்டி எண் எழுதியிருந்தது பலகையில்தான். சாவிகள் மொட்டையாகத்தான் தொங்கின. சாவிக்கும் ஒரு சீட்டுக் கட்டலாமே என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். பலகையிலே எழுதியிருக்கிறபோது சாவி மேல வேற எதுக்கு என்று பெரிய முதலாளி சிக்கனம் பேசிவிட்டார். எது எந்த வண்டிச் சாவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாவித் தலையில் ஒரு எண் பொறித்திருப்பதைப் பார்த்தாள். 417. அப்பாடா என்று அடுத்ததை எடுத்தாள். 417. அதற்கடுத்ததும் 417. நாற்பத்தொன்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொன்றும் 417.

சாவிகளை வாய்க்கு வந்த கடவுளை வேண்டிக்கொண்டு, கைக்கு வந்தபடி மாட்டினாள். யாராவது வந்து சாவி சேரவில்லை என்று கத்துவார்கள் என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரே ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வரிசையில் நடந்தாள். முதல் பெட்டி திறந்தது. இரண்டாவது திறந்தது. ஏழாவதும் திறந்தபோது அவளுக்கே பயமாகிவிட்டது. எட்டாவதை முயற்சி செய்யாமல் திரும்பிவிட்டாள்.

யாரிடம் சொல்வது? கேட்டில் ஆளுயர எழுத்தில் பெரிய முதலாளி எழுதி வைத்திருந்தார்: வண்டிக்கு வண்டி தனிச் சாவி, தனி ஆணி, முழுப் பாதுகாப்பு. ஆணி தனி என்பது மட்டும் சத்தியமான உண்மை. சொன்னால் பலகையைப் போட்டு உடைத்தவள் என்ற பெயர் வரும். அதோடு, வெளியே தெரிந்தால் அந்த விநாடியிலிருந்து திடலில் பூட்டே கிடையாது. ஆறு வருடமாக நாற்பத்தொரு பெட்டிக்கும் உண்மையான பூட்டு ஒன்றுதான், அது நிதானத்தின் வாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகு நேரம் சிரித்தார். முதுகு வலித்ததும்தான் நிறுத்தினார். ஆறு வருடம் ஒரு ரகசியத்தைத் தன்னிடமே மறைத்தவளைப் போய் நிதானம் என்று சாதாரணமாக நினைத்துவிட்டேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"சொன்னா வேலை போகும். சொல்லலேன்னா மானம் போகும், பின்னாடியே வேலையும் போகும்."

"அப்ப சொல்லிடவா?"

"ரெண்டுலயும் வீடு காலிதான். பெட்டி கட்டுறப்போ எது சுமக்க லேசுன்னு பாத்துக்கோ."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சனிக்கிழமை முழுவதும் அதையே யோசித்தாள். துடைத்த பாத்திரத்தையே துடைத்தாள். நாற்பத்தொரு பேரும் நாற்பத்தொரு பெட்டியையும் திறக்கமுடியும் என்றால் திருடியவர் அவர்களில் யாராவதுதான் என்றாகிவிடுமே, நம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஊரையே மாட்டிவிடுவதா என்றும் குழம்பினாள். இப்படி ஒரு நல்ல மனசைத்தான் ஊர் கள்ளச்சாவிக்காரி என்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திடலில் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மேனேஜர் தன் வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி குடையோடு நின்றார். இடது பக்கத்து வண்டி ஒரு கான்ட்ராக்டருடையது. அவரும் மனைவியோடு வந்திருந்தார். வலது பக்கத்து வண்டி பல் டாக்டருடையது. டாக்டர் வெளியூரில் இருந்தார். மூன்று வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை.

மேனேஜர் நடந்ததை வரிசையாக, பத்தி பிரித்துப் பேசினார். சாவியின் எண்ணைத் தன் டைரியில் குறித்து வைத்திருப்பதாகவும், அதைத் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்றும் சொன்னார். அந்த அம்மாள் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். முதலாளி பலகையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நிதானம் ஒரு அடி முன்னால் வந்தாள். கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அத்தனை தூரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"சார், அந்த நம்பர் நானூத்திப் பதினேழா?"

மேனேஜர் டைரியை மூடினார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பார்த்தீர்களா, எண் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அப்போது கான்ட்ராக்டர் தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "என்னுதும் நானூத்திப் பதினேழுதான் போட்டிருக்கு" என்றார். இருபது கைகள் இருபது பைகளுக்குள் போயின. அடுத்த அரை நிமிடம் திடலில் சில்லறைச் சத்தம்தான்.

நிதானம் பலகை விழுந்த கதையைச் சொன்னாள். எதையும் விடவில்லை. ஏழு வண்டியோடு நிறுத்தியதையும் சொன்னாள். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருஷமாவாக்கா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

மேனேஜர் நம்பவில்லை. அது மாடல் எண்ணாக இருக்கும், உள்ளே பல் வேறு மாதிரி இருக்கும் என்றார். சாவியின் பல்லைச் சொன்னார். பல் டாக்டரும் ஊரில் இல்லை. அவள் வாதாடவில்லை. உங்கள் சாவியை உங்கள் கையாலேயே பக்கத்து வண்டியில் போட்டுப் பாருங்கள் சார் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். கான்ட்ராக்டர் பெருந்தன்மையாகத் தன் வண்டியைக் காட்டினார். "போடுங்க சார், திறந்தா பாக்கலாம்."

திறந்தது. உள்ளே மடக்கு நாற்காலிகள் இரண்டு, ஒரு பந்து, அதன் பின்னால் ஒரு கட்டு சிகரெட் பெட்டி. கான்ட்ராக்டர் போன வருடமே சிகரெட்டை விட்டுவிட்டவர் என்பது அவர் மனைவி உட்பட எல்லாருக்கும் தெரியும். பெருந்தன்மைக்கு இவ்வளவு சீக்கிரம் தண்டனை கிடைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் சொல்வதற்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

மேனேஜருக்கு இப்போது பிடிவாதம் வந்துவிட்டது. தற்செயலாக ஒன்று பொருந்தலாம், இரண்டு பொருந்தாது என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் திரும்பினார். டாக்டர் இல்லாதபோது திறப்பது சரியா என்று முதலாளி தயங்க, அது காலிப் பெட்டிதான், டாக்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போனார், மழைக்கு முந்தின நாள் நானே காற்றாட வைத்துப் பூட்டினேன் என்றாள் நிதானம். மேனேஜர் சாவியை நுழைத்தார். பென்சில் தூள் போட்ட பூட்டு வெண்ணெயாய்த் திரும்பியது.

காலிப் பெட்டிக்குள், பூப்போட்ட பச்சைத் துணியில் சுற்றி, பலாப்பழம்போல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மேனேஜரின் மனைவிதான் குனிந்து பார்த்தார். துணியின் ஓரத்தை விரலால் தொட்டார்.

"ஏங்க, இது நம்ம ஹால் திரைச்சீலை."

மேனேஜர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"அன்னைக்கு மழையில சொன்னேன்ல. நம்ம வண்டி விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இல்லைன்னு. நீங்கதான், சாவி போட்டா திறக்குது, அப்புறம் எப்படி வேற வண்டியா இருக்கும்னீங்க."

இதுதான் நடந்தது. கொட்டுகிற மழையில், மற்ற சாமானைக் காரில் ஏற்றிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, வெள்ளை வண்டிக்குப் பதில் வெள்ளை வண்டியைத் திறந்து, தன் ஜெனரேட்டரைத் தன் கையாலேயே அடுத்தவர் பெட்டியில் வைத்து, தன் சாவியாலேயே பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார் மேனேஜர். பூட்டு மட்டும் நேர்மையாக இருந்திருந்தால் அன்றைக்கே திறக்க மறுத்திருக்கும். அவரும் அடுத்த வண்டிக்குப் போயிருப்பார்.

முதலில் சிரித்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கான்ட்ராக்டர் என்று பலர் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்குப் பேச்சை மாற்ற வேண்டிய தேவை இருந்தது. திடல் முழுவதும் சிரித்தது. நிதானம் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலாளி வந்து பலகையை அவள் மடியில் வைத்தார். "எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார். "உங்க அப்பா இருந்தாரே தம்பி" என்றாள் அவள். அவருக்கும் அப்பா இருந்த காலம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் பூட்டு மாற்றும் ஃபிட்டர் வந்தார். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வண்டி கட்டுகிற கம்பெனி பூட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கும், பூட்டுக்குப் பூட்டு வேறு சாவி என்று யார் மெனக்கெடுவார்கள், இதெல்லாம் ஓடும்போது கதவு ஆடாமல் இருக்கத்தான், திருடனுக்காக இல்லை என்றார். இத்தனை வருடம் கதவு ஆடாததற்காக டைரியில் ரகசிய எண் எழுதி வைத்திருந்தவர்களின் முகங்களை அவர் கவனிக்கவில்லை. பின்பக்கத்து மரையைக் கழற்றி, பழைய பூட்டை உருவி, அதன் நாக்கின் நீளத்தை அளந்து, அதே அளவில் புதுப் பூட்டைச் செருகினார். ஒன்றுக்குப் பத்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண். நாற்பத்தொரு சாவிக்கும் நிதானம் தன் கையால் சீட்டு எழுதி நூலால் கட்டினாள். அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். முதலாளி கேட்டுக்குப் போய், ஆளுயர எழுத்தை ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒன்றையும் அழிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் அவருக்கும் நிம்மதி.

வதந்திதான் பாவம். பஞ்சர் கடையில் அது அன்றே செத்துவிட்டது. பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் சாவுச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே அவளுக்கு அந்த மூன்று மாடி வீடு இன்னும் இருக்கிறது.

மேனேஜர் விஷயம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டரைத் தன் பெட்டிக்கு மாற்றிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல், காரின் கதவைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு நான் ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கேம்மா. இப்ப கூட்டமா இருக்கு. தனியா வந்து முறையா சொல்றேன்" என்றார். முப்பது வருடம் கடன் வசூலித்தவர் வாயிலிருந்து வந்த வாக்கு.

அதற்குப் பிறகு நாலு தடவை வந்துவிட்டார். ஒருமுறை ஜன்னலில் நின்று டயர் காற்று விசாரித்தார். ஒருமுறை நாள்காட்டி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருமுறை நீங்க என்று கூப்பிட ஆரம்பித்து, பாதியில் நீ என்று இறங்கி, கடைசியில் இரண்டும் இல்லாமல் பேசிவிட்டுப் போனார். நேற்று வந்தபோது திடலில் ஒரு ஆள் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார், தொண்டையை இரண்டு முறை செருமினார். நிதானம் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். புதுச் சாவியின் எண்ணை டைரியில் குறித்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் மேனேஜர். குறித்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். போய்விட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் கணவர் நாற்காலியிலிருந்தபடியே கழுத்தைத் திருப்பினார்.

"வந்துச்சா?"

"இன்னும் வரலைங்க," என்றாள் நிதானம், பென்சிலைச் சீவிக்கொண்டே.